நாய்க்கு நாயே அளவு: சமிபாட்டு நோய்களும் ஆய்வுகூடச் சோதனைகளும்

சமிபாடு பற்றி இன்று மனிதகுலம் பெற்றுள்ள அறிவின் கணிசமான பகுதி நாய்களின் உடலிலிருந்து பெறப்பட்டதாகும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே உருசிய அறிஞரான பாவ்லோவ், நாய்களின் இரைப்பைச் சாற்றினை வெளியே பெறுவதற்கு வழிகண்டு, அச்சாறு சுரக்கும் முறையினை ஆராய்ந்தார். சமிபாடு பற்றிய இவ்வாய்வுகளுக்காகவே 1904 ஆம் ஆண்டு அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1889 இல் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் ஆகிய இருவரும் நாயின் சதையியை அகற்றியபோது அந்நாய் நீரிழிவுக்கு ஆளாயிற்று. 1902 இல் இலண்டனிலே பேலிசும் ஸ்ரார்லிங்கும் செகிரீற்றின் என்னும் ஓமோனைக் கண்டறிந்ததும், 1921 இல் ரொறொன்ரோவிலே பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களைக் கொண்டேயாகும்.

இத்துணை அறிவினை வழங்கிய நாய்க்கு, அதன் சதையி செவ்வனே தொழிற்படுகின்றதா என்பதை ஐயமற உரைக்கும் எளிய சோதனையொன்று 1980 கள் வரை வாய்க்கவில்லை என்பது வியப்புக்குரியது. பூனையின் நிலை இதனினும் பிற்பட்டதாகவே இருந்தது. மனித வைத்தியத்திலிருந்து கடன்பெற்ற சோதனைகளே நெடுங்காலம் இவ்விரு விலங்குகளுக்கும் பயன்படுத்தப்பட்டு வந்தன. அவை பல சந்தர்ப்பங்களிற் பிழையான விடையைத் தந்தன. பிழையான விடையின் விலையைச் செலுத்தியது விலங்கே. குணப்படுத்தக்கூடிய நோயினால் நாய்கள் மெலிந்து இறந்தன; அல்லது குணப்படுத்த இயலாதென எண்ணிக் கொல்லப்பட்டன. ஒவ்வொரு விலங்கினத்தையும் அதன் சொந்த அளவுகோலைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்னும் உண்மை எவ்வாறு உணரப்பட்டது, அவ்வுணர்விலிருந்து எத்தகைய சோதனைகள் தோன்றின என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உண்டும் பட்டினி

சதையி இரு தொழில்களைப் புரிகின்றது. இன்சுலின் முதலிய ஓமோன்களைக் குருதியினுட் செலுத்துதல் ஒன்று. உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைக் கான்வழியே முன்சிறுகுடலினுட் சொரிதல் மற்றொன்று. புரதத்தை உடைக்கும் திரிப்சின், கொழுப்பை உடைக்கும் இலிப்பேசு, மாப்பொருளை உடைக்கும் அமிலேசு ஆகியன இரண்டாவது தொழிலுக்குரியன. திரிப்சின் சதையியினுள்ளே தொழிற்படு நிலையில் இருக்குமாயின் சதையியையே சமித்துவிடும். ஆதலின் அது திரிப்சினோசன் என்னும் தொழிற்படாத வடிவிலே ஆக்கப்பட்டு, குடலை அடைந்த பின்னரே திரிப்சினாக மாற்றப்படுகின்றது.

நொதியங்களை ஆக்கும் கலங்கள் நலிந்து அழியும்போது சதையியின் புறச்சுரப்புக் குறைபாடு என்னும் நோய் உண்டாகின்றது. அல்சேசன் நாய்களிலும் கொலி இனத்து நாய்களிலும் இந்நோய் பெரிதும் காணப்படுகின்றது. சதையிக்கு ஒதுக்காற்றல் மிகுதி. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இழக்கப்படும் வரையில் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. தோன்றிய பின்னர் நிலைமை விரைந்து சீர்கெடுகின்றது. நாய் அளவின்றி உண்கின்றது. ஆயினும் நாளுக்குநாள் மெலிகின்றது. மலம் பெருந்தொகையாகவும் வெளிறியும் இளகியும் கழிகின்றது. பசி தாங்காது தன் மலத்தையே உண்ணும் நாய்களும் உள. உணவு குடல்வழியே சென்றுகொண்டிருக்க, உடலோ பட்டினி கிடக்கின்றது.

இந்நிலையைக் காணும் வளர்ப்பவர் முதலிற் குடற்புழுவை ஐயுறுவர். உணவை மாற்றிப் பார்ப்பர். வைத்தியருக்கும் இது எளிதன்று. குடற்சுவரின் நோயினால் அகத்துறிஞ்சல் குன்றினும் மெலிவும் வயிற்றோட்டமும் இதேபோலத் தோன்றும். புறத்தோற்றத்தால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல் இயலாது. இரண்டுக்கும் உரிய சிகிச்சைகளோ முற்றிலும் வேறானவை. முன்னையதற்குச் சதையி நொதியத் தூளை உணவிற் கலந்து கொடுத்தல் வேண்டும். தூள் கிடையாவிடத்து மாடு அல்லது பன்றியின் பச்சைச் சதையியை நறுக்கிச் சேர்க்கலாம். பின்னையதற்கு இதனாற் பயனில்லை. எனவே எங்கே பழுது என்பதை அறிவதே உயிர்காக்கும் முதற் படியாகின்றது.

பழைய சோதனைகளின் குறைபாடு

முற்காலத்தில் மலத்திலே திரிப்சின் உண்டா என்பதைக் கொண்டு சதையியின் நிலை மதிப்பிடப்பட்டது. கதிர்ப்படம் பிடிக்கும் தகட்டின் மேற்பரப்பில் செலற்றின் என்னும் புரதப்படை உண்டு. மலத்தை நீரிற் கரைத்து அத்தகட்டின் மீது வைத்தால், திரிப்சின் இருப்பின் செலற்றின் கரைந்து தகடு தெளிவாகும். இது மலிவானது, எங்கும் செய்யத்தக்கது. ஆயின், நலமுள்ள நாயின் மலத்திலும் சில நாள்களில் இந்நொதியம் காணப்படுவதில்லை. சதையி கெட்ட நாயின் மலத்திலோ, குடலில் வாழும் பற்றீரியாக்களின் நொதியங்கள் செலற்றினைக் கரைத்துவிடக் கூடும். இவ்வாறு நோயில்லாதது நோயுற்றதாகவும், நோயுற்றது நோயில்லாததாகவும் கணிக்கப்பட்டன.

பின்னர் வேறொரு முறை கையாளப்பட்டது. சதையியின் நொதியத்தினால் மட்டுமே உடைக்கப்படும் ஒரு சேர்வையை வாய்வழியே கொடுத்து, உடைந்த கூறு குருதியிலே தோன்றுகின்றதா என்று அளப்பது அம்முறையாகும். இது முன்னையதிலும் நம்பத்தக்கதே. எனினும் பல மணித்தியாலங்கள் விலங்கை நிறுத்திவைத்து மீண்டும் மீண்டும் குருதி எடுக்க வேண்டியிருந்தது. மேலும் இரைப்பை காலியாகும் வேகமும் குடலின் உறிஞ்சுந் திறனும் விடையைப் பாதித்தன. சதையியைப் பற்றிய வினாவுக்குக் குடலும் சேர்ந்து விடை கூறுமாயின், அவ்விடை தெளிவுடையதாகாது.

போட்டியினால் அளத்தல்

இச்சிக்கலைத் தீர்த்த கருவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950 களின் இறுதியிலே நியூயோர்க்கில் உறொசலின் யாலோ, சொலமன் பேர்சன் ஆகியோர் குருதியிலுள்ள இன்சுலினை அளப்பதற்குக் கதிர்நிர்ப்பீடனக் கணிப்பு என்னும் முறையினை ஆக்கினர். பேர்சன் 1972 இல் மறைந்தார். 1977 இல் யாலோவுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையின் தத்துவம் எளிது. உடலினுட் புகும் அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதத்தைப் பிறபொருளெதிரி என்கின்றோம். ஓர் அரங்கிலே நூறு இருக்கைகள் உள்ளன எனக் கொள்வோம், இருக்கைகளே பிறபொருளெதிரிகள். அடையாளப் பட்டி அணிந்த நூறுபேரை நாம் அனுப்புகின்றோம். இவர்கள் கதிர்த்தொழிற்பாடுடைய அயடீன் சேர்க்கப்பட்ட மூலக்கூறுகள். இவர்களோடு பட்டி அணியாத வேறு சிலரும் நுழைவாராயின், இருக்கைகளுக்குப் போட்டி உண்டாகும். பட்டி அணியாதோர் எத்துணை மிகுதியோ, அத்துணைக்குப் பட்டி அணிந்தோர் இடமின்றி வெளியே நிற்பர். அமர்ந்திருப்போருட் பட்டி அணிந்தோரை எண்ணினால், அணியாதோரின் தொகையைக் கணித்துவிடலாம். அணியாதோரே குருதியில் இயல்பாக உள்ள, நாம் அளக்க விரும்பும் பொருள். ஒரு கிராமின் கோடியிலொரு பங்கினும் சிறிய அளவுகளையும் இவ்வாறு அளத்தல் கூடும்.

சதையியில் ஆக்கப்படும் திரிப்சினோசனில் மிகச் சிறியதோர் அளவு இயல்பாகவே குருதியினுட் கசிகின்றது. வேறெந்த உறுப்பிலிருந்தும் அது குறிப்பிடத்தக்க அளவில் வருவதில்லை. ஆகவே குருதியில் அதன் அளவு, தொழிற்படும் சதையிக் கலங்களின் தொகையைக் காட்டுகின்றது. குடலின் நோய் இதனைப் பாதிப்பதில்லை. பிரித்தானியாவின் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்திலே டேவிட் வில்லியம்ஸ், உறொஜர் பாற்று ஆகிய இருவரும் இச்சோதனையை நாய்க்கென அமைத்து 1983 இல் வெளியிட்டனர். 1988 இல் அவர்கள் வெளியிட்ட விரிவான ஆய்வு, நலமுள்ள நாய்கள், சிறுகுடல் நோயுற்ற நாய்கள், சதையி நலிந்த நாய்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, மூன்றாவது தொகுதி ஏனைய இரண்டிலிருந்தும் ஐயமின்றிப் பிரிந்து நிற்பதைக் காட்டியது. பிறபொருளெதிரி திரிப்சினோசனையும் திரிப்சினையும் ஒருங்கே இனங்காண்பதால், அளக்கப்படுவது 'திரிப்சின்போன்ற நிர்ப்பீடனத் தாக்கம்' எனப் பெயர்பெற்றது.

நெடுங்காலம் வழங்கிவந்த அளவுகளின்படி, நலமுள்ள நாயின் குருதி நீர்ப்பாயத்திலே இது இலீற்றருக்கு 5.7 முதல் 45.2 மைக்குரோகிராம் வரை இருக்கும். 2.5 அல்லது அதற்குக் குறைவாயின் சதையியின் புறச்சுரப்புக் குறைபாடு உறுதியாகின்றது. இடைப்பட்ட பெறுமானம் கிடைப்பின், சில வாரங்களின் பின் மீண்டும் சோதித்தல் முறை. உணவருந்தாத நிலையில் எடுத்த ஒரேயொரு குருதி மாதிரி போதுமானது.

ஓர் இனத்தின் சோதனை மற்றோர் இனத்துக்காகாது

பிறபொருளெதிரி ஒரு மூலக்கூறின் வடிவத்தை மிக நுட்பமாக இனங்காண்பது. அதுவே அதன் வலிமை. அதுவே அதன் எல்லையுமாகும். மனிதனின் திரிப்சினும் நாயின் திரிப்சினும் ஒரே தொழிலைப் புரியினும் அமினோவமில ஒழுங்கில் வேறுபடுவன. மனிதனுக்கென அமைந்த கணிப்பு நாயின் திரிப்சினோசனை இனங்காண்பதில்லை. நாய்க்கென அமைந்தது பூனையினதை இனங்காண்பதில்லை. எனவே 1990 களிலே பூனைக்கெனத் தனியாக ஒரு கணிப்பு ஆக்கப்பட வேண்டியதாயிற்று. பூனையின் நலநிலை எல்லை இலீற்றருக்கு 12 முதல் 82 மைக்குரோகிராம்; 8 அல்லது அதற்குக் குறைவு நோயைக் குறிக்கின்றது. நாயின் அளவைப் பூனைக்குப் பிரயோகித்தால், இலீற்றருக்கு 7 மைக்குரோகிராம் கொண்ட நோயுற்ற பூனை நலமுள்ளதாகத் தோன்றும்.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பூனைகளிலே இந்நோய் மிக அரியதென்று நூல்கள் கூறிவந்தன. பூனைக்குரிய சோதனை வழக்கிற்கு வந்த பின்னர், எண்ணியதிலும் பன்மடங்கு பூனைகள் இந்நோய்க்கு ஆளாவது தெரியவந்தது. நோய் அரிதாக இருக்கவில்லை. அதைக் காணும் கண்ணே இருக்கவில்லை.

இத்தகைய சோதனையை ஆக்குதல் நெடிய பணியாகும். முதலில் அந்தந்த விலங்கின் சதையியிலிருந்தே நொதியத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் வேண்டும். அதனை வேறோர் இன விலங்கினுட் செலுத்திப் பிறபொருளெதிரியைப் பெறுதல் வேண்டும். அதன்பின் சோதனையையே சோதித்தல் வேண்டும். மாதிரியை இருமடங்கு ஐதாக்கினால் விடையும் பாதியாகின்றதா? அறிந்த அளவை வேண்டுமென்றே சேர்த்தால் அவ்வளவு திரும்பக் கிடைக்கின்றதா? ஒரே மாதிரியை இன்றும் அடுத்த கிழமையும் அளந்தால் விடைகள் ஒத்திருக்கின்றனவா? இவ்வினாக்களுக்கு நிறைவான விடை கிடைத்த பின்னரே, நலமுள்ள பல விலங்குகளை அளந்து இயல்பெல்லை வகுக்கப்படும். இப்படிகளுள் ஒன்றைத் தவிர்ப்பினும், வெளிவரும் எண் வெறும் எண்ணாகவே நிற்கும்.

இரு விற்றமின்கள், குடலின் இரு முனைகள்

சோதனைகளின் வரலாற்றில் மிகுந்த சுவையுடைய பகுதி, போலேற்று, கோபாலமின் என்னும் இரு விற்றமின்களைப் பற்றியதாகும். இவ்விரண்டும் மனித வைத்தியத்தின் வழியே அறியப்பட்டவை. லூசி வில்ஸ் என்னும் அம்மையார் பம்பாயிலே கருவுற்ற பெண்களைப் பீடித்த குருதிச்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ற்றுச் சாற்றினால் அது நீங்குவதை 1931 இல் வெளியிட்டார். நம் நாட்டார் நன்கறிந்த மாமைற்று என்னும் உணவே அவர் பயன்படுத்திய சாறு. அதிலிருந்த பொருள் போலேற்று என்பது பின்னரே தெளிவாயிற்று. 1941 இல் ரெக்சாசிலே பசளி போன்றதொரு கீரையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்த அறிஞர், இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக்கமிலம் எனப் பெயரிட்டனர்.

கோபாலமின் என்பது விற்றமின் பீ-12. இதன் வரலாற்றின் தொடக்கத்திலும் நாயே நிற்கின்றது. ஜோர்ஜ் விப்பிள் என்பார் குருதி இழந்த நாய்களுக்கு ஈரலை ஊட்டியபோது குருதி விரைந்து மீள்வதைக் கண்டார். அதன் வழியே மைனொற்று, மேர்பி ஆகியோர் 1926 இல் மனிதரின் கொடிய குருதிச்சோகைக்கு ஈரலுணவைச் சிகிச்சையாகக் கண்டனர். மூவருக்கும் 1934 இல் நோபெல் பரிசு கிடைத்தது. மனிதரின் இரைப்பை சுரக்கும் 'உள்ளார்ந்த காரணி' என்னும் பொருள் இவ்வுறிஞ்சலுக்கு இன்றியமையாதது என்பதை வில்லியம் காசல் 1929 தொடக்கம் நிறுவினார். விற்றமின் 1948 இற் பிரித்தெடுக்கப்பட்டது.

மனிதனில் இக்காரணி இரைப்பையிற் சுரப்பதால், நாயிலும் பூனையிலும் அவ்வாறே என்று எண்ணுதல் இயல்பு. உண்மை வேறாக இருந்தது. 1989 இல் பாற்று, ஹொறதாகொட முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள், நாயிலே சதையியே இக்காரணியை ஆக்குவதிற் பெரும்பங்கு வகிப்பதையும் இரைப்பையின் பங்கு சிறிதாக இருப்பதையும் தெளிவாக்கின. பூனையிலோ சதையி மட்டுமே இதனை ஆக்குகின்றது என்பது பின்னர் அறியப்பட்டது. இதன் விளைவு பாரதூரமானது. சதையி கெட்ட மனிதனுக்கு உள்ளார்ந்த காரணி இரைப்பையிலிருந்து தொடர்ந்து கிடைக்கும். சதையி கெட்ட பூனைக்கோ நொதியங்களோடு இக்காரணியும் அற்றுப்போகின்றது. மனிதனைப் பற்றிய பாடநூலை நம்பி நொதியம் மட்டும் கொடுத்தால், பூனை முழுமையாகத் தேறுவதில்லை.

இவ்விரு விற்றமின்களும் உறிஞ்சப்படும் இடங்கள் வேறானவை. போலேற்று சிறுகுடலின் மேற்பகுதியில் உறிஞ்சப்படுகின்றது. கோபாலமின் உள்ளார்ந்த காரணியோடு இணைந்து, சிறுகுடலின் இறுதிப் பகுதியாகிய சுருட்குடலில், அதற்கெனவுள்ள வாங்கிகளாற் பற்றப்படுகின்றது. ஆகவே நெடுங்கால நோயினாற் போலேற்றுக் குறையின் மேற்குடலும், கோபாலமின் குறையின் கீழ்க்குடல் அல்லது சதையியும், இரண்டும் குறையின் குடல் முழுவதும் பழுதுற்றிருக்கக் கூடும். வயிற்றைத் திறவாமலே, சிறிதளவு குருதியைக் கொண்டு குடலின் எப்பகுதி நோயுற்றது என்பதை ஊகிக்கும் இவ்வழியினைப் பாற்று, மோர்கன் ஆகியோர் 1982 இல் நாய்களுக்கென எடுத்துரைத்தனர்.

கோபாலமின் குறைவு நோயின் அறிகுறி மட்டுமன்று. தானே நோயை வளர்ப்பதும் ஆகும். விரைந்து பிரியும் குடற்கலங்களுக்கு அது இன்றியமையாதது. 2001 இல் சிம்சன் முதலியோர் வெளியிட்ட ஆய்வொன்றில், சமிபாட்டுத் தொகுதி நோய் தொடர்பாக அனுப்பப்பட்ட பூனைகளின் 80 மாதிரிகளுள் 49 இலே கோபாலமின் இயல்பெல்லைக்குக் குறைவாக இருந்தது. சதையி நலிந்து சிகிச்சை பெற்ற நாய்களைப் பற்றி 2007 இல் வெளிவந்த ஆய்வு, அவற்றின் இடைநிலை வாழ்காலம் 1,919 நாள்கள், அதாவது ஐந்தாண்டுக்கும் மேல் எனக் கண்டது. ஆயினும் கோபாலமின் மிகக் குறைந்திருந்த நாய்களின் ஆயுள் குறுகியதாகவே இருந்தது. இவ்விற்றமினை ஊசிமூலம் செலுத்துதல் எளிது, மலிவானது. நாய்களுக்கு வாய்வழியாகப் பெருமளவிற் கொடுப்பதும் பயன்தரும் என்பதை 2016 இல் வெளிவந்த ஆய்வு காட்டியுள்ளது. ஆயின் குறைவு உண்டென்பதை அளந்தறியாதவர் அதனைக் கொடுக்க எண்ணார்.

இனங்கள் எல்லாவற்றிலும் வேறுபடுவன என்று நாம் முடிவுசெய்தலும் தவறாகும். பெருஞ் சினவுசர் இன நாய்கள் சிலவற்றில் கோபாலமினைப் பற்றும் சுருட்குடல் வாங்கி பிறவியிலேயே பழுதுற்றிருப்பது அறியப்பட்டது. மனிதக் குழந்தைகளில் 1960 இல் இமர்சுலுண்ட், கிறெஸ்பெக்கு ஆகியோர் தனித்தனியே விவரித்த பரம்பரை நோயும் இதுவே. இரண்டிலும் விகாரமடைந்த பரம்பரையலகுகள் ஒத்தவை. உள்ளார்ந்த காரணி சுரக்கும் இடத்தில் வேறுபாடு. அதனைப் பற்றும் வாங்கியில் ஒற்றுமை. எங்கு ஒன்றுபடும், எங்கு வேறுபடும் என்பதை முன்கூட்டியே ஊகித்தல் இயலாது; ஒவ்வொன்றையும் அவ்வவ் விலங்கிலே சோதித்தே அறிதல் வேண்டும்.

சதையி அழற்சியும் இலிப்பேசும்

சதையியின் நலிவுக்கு மறுதலையானது அதன் அழற்சி. நொதியங்கள் உரிய காலத்துக்கு முன்னரே விழித்தெழுந்து, தம்மை ஆக்கிய இழையத்தையே தாக்குவதனால் இது விளைகின்றது. இதனைக் கண்டறியக் குருதியிலுள்ள அமிலேசு, இலிப்பேசு ஆகியவற்றின் தொழிற்பாட்டை அளப்பது மரபு. ஆனால் கொழுப்பை உடைக்கும் நொதியம் இரைப்பை முதலிய பிற உறுப்புகளிலிருந்தும் குருதிக்கு வருகின்றது. சிறுநீரகம் பழுதுற்றாலும் அதன் அளவு உயர்கின்றது. பூனைகளில் இம்மரபுச் சோதனைகளாற் பெரும்பயன் கிட்டவில்லை. பூனையோ நோயை வெளிக்காட்டாத விலங்கு. நாயைப் போல அடிக்கடி வாந்தியெடுப்பதுமில்லை. சோர்ந்து கிடந்து உணவை மறுப்பதே பெரும்பாலும் அதன் அறிகுறி.

சதையியில் ஆக்கப்படும் இலிப்பேசை மட்டும் இனங்காணும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு, ஜோர்க் ஸ்ரைனர், வில்லியம்ஸ் ஆகியோர் நாய்க்கென ஆக்கிய கணிப்பு 2003 இல் வெளிவந்தது. பூனைக்கெனத் தனிக்கணிப்பும் தொடர்ந்து ஆக்கப்பட்டது. இன்று பெருவழக்காகவுள்ள சோதனையிலே நாய்க்கு இலீற்றருக்கு 200 மைக்குரோகிராம் வரை இயல்பு. 400 அல்லது அதற்கு மேல் அழற்சியோடு பொருந்துவது. பூனைக்கு 3.5 வரை இயல்பு எனவும், 5.4 அல்லது அதற்கு மேல் அழற்சியோடு பொருந்துவது எனவும் முன்னர் நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஒரே உறுப்பு, ஒரே நொதியம், ஒரே நோய். எனினும் இரு விலங்குகளின் எண்களுக்கிடையே எத்துணை இடைவெளி என்பதை நோக்குக. இடைப்பட்ட பெறுமானங்கள் ஐயத்துக்குரியவை. உயர்ந்த எண்ணொன்றைக் கொண்டு மட்டும் நோயை உறுதிசெய்தலும் தகாது. அறிகுறிகளையும் கழியொலிப் படத்தையும் சேர்த்தே முடிவுக்கு வருதல் வேண்டும்.

திருத்தம் பெறும் அறிவு

ஆய்வுகூடச் சோதனைகள் என்றும் மாறாத தீர்ப்புகளல்ல. குடலில் வாழும் பற்றீரியாக்கள் போலேற்றை ஆக்கவும் கோபாலமினை நுகரவும் வல்லன. எனவே போலேற்று உயர்ந்து கோபாலமின் தாழ்ந்திருந்தால், சிறுகுடலிலே பற்றீரியாக்கள் மிகுந்துள்ளன என்று 1980 களிற் கொள்ளப்பட்டது. கருத்தளவில் இது பொருத்தமுடையதே. ஆயினும் தொடர்ந்த ஆய்வுகள், இக்குறி பல நோயாளி விலங்குகளைத் தவறவிடுவதையும் நலமுள்ளவற்றிலும் சிலபோது காணப்படுவதையும் காட்டின. ஆதலால் அதற்கு முன்பிருந்த மதிப்புக் குறைந்தது.

அவ்விடத்தைப் புதியதொரு முறை நிரப்பி வருகின்றது. மலத்திலுள்ள பற்றீரியாக்களின் பரம்பரைப் பொருளைப் பெருக்கி அளந்து, ஏழு பற்றீரியாத் தொகுதிகளின் அளவையும் மொத்தப் பற்றீரியாக்களின் அளவையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் சுட்டியொன்று 2017 இல் நாய்க்கென வெளியிடப்பட்டது. அவ்வெண் சுழியத்துக்குக் கீழாயின் இயல்பு. இரண்டுக்கு மேலாயின் குடல்வாழ் நுண்ணங்கிகளின் சமநிலை குலைந்துள்ளது எனக் கொள்வர். வளர்ப்பூடகத்தில் வளராத பற்றீரியாக்களையும் இம்முறை கணக்கிற் கொள்வது இதன் சிறப்பு.

இச்சோதனைகளுட் பலவற்றின் வளர்ச்சி, அமெரிக்காவின் ரெக்சாஸ் ஏ அன் எம் பல்கலைக்கழகத்திலுள்ள இரையகக் குடல் ஆய்வுகூடத்தோடு தொடர்புடையது. மேற்கூறிய வில்லியம்சும் ஸ்ரைனரும் அதனை வழிநடத்தியோராவர். பல நாடுகளிலிருந்தும் அனுப்பப்படும் மாதிரிகள் அங்குச் சோதிக்கப்படுகின்றன. இதனால் ஒருசேர இரு பயன்கள் விளைகின்றன. நோயுற்ற விலங்குக்கு விடை கிடைக்கின்றது. ஆய்வாளருக்கு எண்ணற்ற விலங்குகளின் பதிவுகள் திரள்கின்றன. ஷார்-பே இன நாய்களிலே கோபாலமின் குறைவு மிகுதியாக இருப்பது இத்தகைய பதிவுகளை ஒப்பிட்டதனால் புலனாயிற்று. நாயை நோயாளியாக்கி ஆராய்ந்த பழைய முறைக்கு மாறாக, ஏற்கெனவே நோயாளியான நாய்க்குச் சிகிச்சை செய்யும் வழியிலேயே அறிவும் பெருகுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மருத்துவருக்கும் விலங்கு வளர்ப்போருக்கும் பயன்படும் சில முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, எண்ணின் பெறுமதி மாதிரியின் தரத்தைப் பொறுத்தது. உணவுண்ட பின் எடுத்த குருதி விடையை மாற்றக்கூடும். செங்குருதிக் கலங்களிற் போலேற்று மிகுதியாதலின், கலங்கள் உடைந்த மாதிரியிற் போலேற்றுப் பொய்யாக உயரும். குருதி நீர்ப்பாயத்தைக் காலந்தாழ்த்தாது பிரித்துக் குளிரில் வைத்தல் அவசியம். இரண்டாவது, ஒரு சோதனை தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடையளிக்கும். திரிப்சின்போன்ற நிர்ப்பீடனத் தாக்கம் இயல்பாக இருப்பது குடல் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. மூன்றாவது, சோதனை எந்த இனத்துக்கென ஆக்கப்பட்டு எந்த இனத்தில் நிறுவப்பட்டது என்பதை வினவாமல் எந்த எண்ணையும் ஏற்றுக்கொள்ளலாகாது.

நாயின் உடலைக் கொண்டு மனிதனை அறிய முயன்ற காலம் நீண்டது. நாயைக் கொண்டே நாயையும், பூனையைக் கொண்டே பூனையையும் அறிய முற்பட்டமை சில தசாப்தங்களுக்கு உட்பட்டதே. இக்குறுகிய காலத்துள்ளும், முன்னர் கைவிடப்பட்ட பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. வேண்டிய மட்டும் உண்டும் எலும்புந் தோலுமாய் நிற்கும் ஒரு நாயை இனிப் பயனில்லையெனக் கைவிடுமுன், அதன் குருதியிற் சில மில்லிலீற்றரையேனும் உரிய முறையிற் சோதித்தல் கடமையாகும். அதன் நோய்க்கு மருந்து உண்டு. எந்த நோய் என்பதை மட்டுமே நாம் அறிதல் வேண்டும்.